கொழுக்கட்டைப் புல்லா, கோ-4 நேப்பியரா? மானாவாரிக் காட்டுக்கு என் கணக்கு

தாராபுரம் பக்கம் இருக்கும் எங்கள் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்), இருக்கிற கொழுக்கட்டைப் புல்லையே திருத்தி வைப்பதா, உழுதுவிட்டுக் கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணை ஊன்றுவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கடைசியில் கொழுக்கட்டைப் புல்தான் ஜெயித்தது. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விளைச்சலில் போட்டியே இல்லை. வேளாண் பல்கலைக்கழகக் கணக்குப்படி கோ-4 ஒரு எக்டேருக்கு ஆண்டில் 380 டன் வரை பசுந்தீவனம் கொடுக்கும். கொழுக்கட்டைப் புல் நன்றாக வந்தாலே 40 டன்தான். நேப்பியரை முதலில் 75, 80 நாளில் அறுத்தால், அப்புறம் 45 நாளுக்கு ஒரு அறுப்பு.

ஆனால் அந்த 380 டன் தண்ணீர் பாய்ச்சின நிலத்தின் கணக்கு. கோ-4க்கு வாரம், பத்து நாளுக்கு ஒரு பாசனம், ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் உரம், அறுக்க ஆள், கட்டுத்தரைக்குச் சுமக்க வண்டி, தண்டு முற்றினால் நறுக்க மெஷின் என எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு 600 மி.மீ. சுற்றித்தான் மழை பெய்யும் ஊரில் போர்வெல் மாசியிலேயே இருமத் தொடங்கிவிடும். தீவனத்துக்குத் திண்டாடும் மாதங்களில்தான் நேப்பியரும் கையை விரிக்கும்.

கொழுக்கட்டைப் புல்லின் கதை வேறு. சித்திரையில் பார்த்தால் காடே செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். ஒரு தூரைப் பிடித்து இழுத்தால் காய்ந்த தாள் மட்டும் கையோடு வரும். அடித்தூர் முடிச்சு முடிச்சாகத் தடித்து, மண்ணை விடாமல் பிடித்திருக்கும். அந்த முடிச்சில்தான் சேமிப்பு. வேரும் நல்ல ஆழம். ஒரு கோடை மழை கனமாக இறங்கினால் சில நாளிலேயே அங்கிருந்து பச்சை கிளம்பும். காய்ந்த தாளையும் காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்ந்துகொள்ளும். அறுக்க வேண்டாம், சுமக்க வேண்டாம். கிளுவை வேலிக்குள் ஓட்டிப் படலைச் சாத்தினால் போதும். ஊடே நரிப்பயறு, மேலே வெள்வேல மரத்தின் நிழலும் காயும் என்று கூடவே வரும் தீவனத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பராமரிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் மழைக்குத் துளிர்த்ததும் பட்டியை உள்ளே விட்டால் தூர் நொந்துபோகும். சில வாரம் பூட்டி வைத்து, ஒரு பங்கு மேயும்போது இன்னொரு பங்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெற்றிடத்தில் விதைக்கப் புது விதை ஆகாது. அறுவடை செய்து ஆறேழு மாதம் உறக்கம் தெளிந்த பிறகுதான் ஒழுங்காக முளைக்கும். விதை பஞ்சுபோலப் பறப்பதால் ஈர மணலில் கலந்து தூவி, மேலாக்க மூடினால் போதும். ஆழமாகப் போனால் வராது. பூத்து முற்றவிட்டால் சத்தும் குறையும், லுங்கியெல்லாம் சுணையும் ஒட்டும்.

இன்னொன்று. ஆப்பிரிக்காவிலும் மேற்கு, தெற்கு ஆசியாவிலும் இது சொந்தப் புல். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் மேய்ச்சலுக்காகக் கொண்டுபோன இடத்தில், காட்டுத்தீக்கு எண்ணெய் ஊற்றும் களையாகத் திட்டு வாங்குகிறது. காய்ந்தும் சாகாத குணம்தான் அங்கே தொல்லை.

யாருக்கு நேப்பியர்? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, கட்டிப்போட்டு நாலைந்து கலப்பினக் கறவை வளர்க்கிறார் என்றால் யோசிக்காமல் கோ-4 போடலாம். அதில் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாத ஆக்சலேட் இருப்பதால் தனியாகப் போடாமல், மூன்று பங்குக்கு ஒரு பங்கு வேலிமசால் (பயறு வகைத் தீவனம்) கலப்பது நல்லது. கொழுக்கட்டைப் புல்லை மட்டுமே நம்பிக் கறவை வைத்து நான் பார்த்ததில்லை. பால் கணக்கு என்னிடம் கேட்காதீர்கள். என் அனுபவமெல்லாம் செம்மண், சரளை நிலத்தோடு சரி. தண்ணீர் தேங்கும் கரிசலில் இந்தப் புல் அழுகும் என்பதால் அங்கே முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

ஒரு சின்ன யோசனை: கிணற்றோரம் பத்து சென்ட் கோ-4, மீதிக் காடு முழுக்கக் கொழுக்கட்டைப் புல். கன்று ஈன்ற மாட்டுக்கும் நோஞ்சான் குட்டிக்கும் அந்தப் பத்து சென்ட் போதும். எங்கள் காட்டிலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.