ஃபிரிக்கா, கார்ட்னரா?

நியூயார்க்கில் ஃபிரிக், பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர். இரண்டும் பெரும் பணக்காரர்கள் குடியிருந்த மாளிகைகள். இன்று ஓவிய அருங்காட்சியகங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

ஓவியங்கள்தான் முக்கியம் என்பவருக்கு யோசனையே வேண்டாம், ஃபிரிக்தான். டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்து உலகில் மிஞ்சியிருக்கும் ஓவியங்கள் நாற்பதுகூடத் தேறாது; அவற்றில் மூன்று இந்த ஒரே வீட்டில் இருக்கின்றன. கூடத்துக் கணப்பின் இருபுறமும் ஓவியர் ஹோல்பைன் வரைந்த, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர்களான தாமஸ் மோரும் தாமஸ் குரோம்வெல்லும் எதிரும் புதிருமாக அமர்ந்திருக்கிறார்கள். 1535இல் மோரின் தலை வெட்டப்பட்டதில் குரோம்வெல்லுக்குப் பங்கு உண்டு. ஐந்தே ஆண்டில் அவர் தலையும் போயிற்று. கிட்டே போய்ப் பாருங்கள், மோரின் மோவாயில் சவரம் செய்யாத முள்தாடி தெரியும்.

வீட்டுக்காரர் ஹென்றி ஃபிரிக்கை எனக்குப் பிடிக்காது. 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகாலை வேலைநிறுத்தத்தை உடைக்கக் கூலிக் காவல்படையை வரவழைத்தவர். ஆனால் ரசனையைக் குறை சொல்ல முடியவில்லை. முன்பு படிக்கட்டோடு நம்மை நிறுத்திவிடுவார்கள். 2025 ஏப்ரல் முதல் மாடி அறைகளையும் பார்க்கலாம்.

கார்ட்னர் வேறு ரகம். வெனிஸ் அரண்மனைச் சாயலில் இசபெல்லா கட்டி 1903இல் திறந்துவைத்த வீடு. நான்காம் தளத்தில் அவரே குடியிருந்தார். எதையும் இடம் மாற்றக் கூடாது, மாற்றினால் எல்லாவற்றையும் விற்றுப் பணத்தை ஹார்வர்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் உயில். இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'யூரோப்பா' ஓவியத்துக்குக் கீழே தன் உடையிலிருந்து எடுத்த பச்சைப் பட்டுத்துணியைத் தொங்கவிட்டிருக்கிறார். இப்படி ஒரு காரியத்தை எந்தக் காப்பாளரும் செய்யத் துணியமாட்டார். அறைகளில் வெளிச்சம் குறைவு, கண் பழகச் சற்று நேரமாகும். நடுமுற்றத்தில் மட்டும் கண்ணாடிக் கூரை வழியே வெயில் கொட்டுகிறது.

1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் 13 பொருள்களைக் கொண்டுபோய்விட்டார்கள். வெர்மீரின் 'கச்சேரி'யும் அதில் போயிற்று. திரும்பக் கிடைக்கவே இல்லை; டச்சு அறையில் காலிச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

என் ஓட்டு கார்ட்னருக்கு. ஃபிரிக்கில் படங்களைப் பார்த்தேன்; இங்கே ஒருத்தியின் பிடிவாதத்தையும் பார்த்தேன். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஃபிரிக்கில் அனுமதி இல்லை என்பதால் சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் பாஸ்டன்தான் வழி. இசபெல்லா என்று பெயர் வைத்திருந்தால் அங்கே டிக்கெட்டே வேண்டாம்! செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், இரண்டுக்குமே அன்று விடுமுறை.