எட்டு எம்.எம். கம்பியும் டேலியும்

திண்டுக்கல்லில் எங்களுக்குக் கம்பி, சிமெண்டுக் கடை. 2009-இல் ஒரு தம்பியிடம் சொல்லி எங்கள் கடைக்கென்றே ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி வாங்கினேன். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மனசு வராது. கொத்தனார் வந்து "அண்ணே, எட்டு எம்.எம்.ல இருபது கம்பி" என்பார். 8, 20 என்று தட்டினால் எடை வந்து நிற்கும். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று தெரியும். 12 மீட்டர் கம்பிக்கு 4.74 கிலோ, இருபது கம்பிக்கு 94.8. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாங்கள் வியாபாரம் செய்வதைப் பார்த்துப் பார்த்து எழுதினான்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முந்தைய வாட் வரிக் காலத்துப் பில்லில் வரிக்கு ஒரே கட்டம்தான். இப்போது மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு வேண்டும், சரக்கு இன்ன வகை என்று காட்டும் எச்எஸ்என் எண் வேறு. தம்பியோ அதற்குள் வெளிநாடு போய்விட்டான். வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "சோர்ஸ் கோட் வாங்கி வெச்சிருக்கீங்களா?" என்றார். சாஃப்ட்வேரைத் திருத்த வேண்டுமென்றால் அதை எழுதிய மூல வரிகள் கையில் இருக்க வேண்டுமாம். அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் கையால் பில் எழுதினோம்.

அப்புறம்தான் டேலி, எல்லாக் கடைக்கும் பொதுவாக விற்கிற ரெடிமேட் கணக்கு சாஃப்ட்வேர். எங்கள் கொத்தனார் பாஷை அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சைஸுக்கும் கிலோவோடு 'கம்பி' என்ற மாற்று அலகைச் சேர்த்து, ஒரு கம்பி இத்தனை கிலோ என்று பதிந்தேன். ஒரு மத்தியான வேலை. பில் போடும் பையன் மட்டும் பழசே தேவலை என்று ஒரு மாதம் முனகினான். ஆனால் அவன் லீவு போட்டால் டேலி தெரிந்த ஆள் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் கிடைப்பார். பழசில் அவன் இல்லையென்றால் நான்தான் உட்கார வேண்டும்.

2025 செப்டம்பர் 22-இல் சிமெண்டு வரி 28-லிருந்து 18 சதவீதமானது. எந்தத் தேதியிலிருந்து என்று போட்டுப் புது விகிதத்தை அடித்தேன், டீ ஆறுவதற்குள் முடிந்தது. முந்தைய பில்கள் பழைய வரியிலேயே இருந்தன.

ஒன்றே ஒன்று எழுதி வாங்கினேன்: லோடுமேனுக்கு விலை போடாத சீட்டு. உள்ளூர்ப் பையன் ஒருவன் டேலிக்கென்றே உள்ள டிடிஎல் என்ற மொழியில் எழுதித் தந்தான். பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே சோர்ஸ் கோடைப் பென் டிரைவில் வாங்கி, கடைப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துவிட்டேன்.