கீட்டோ பாசியோடு நாலரை வருஷம்: என் ரீஃப் டேங்க்கில் நைட்ரேட், பாஸ்பேட் அடங்கிய கதை

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் பாசி அறுப்பு. எங்கள் ரீஃப் டேங்க்குக்கு, அதாவது பவளமும் மீனும் வளர்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு, கீழே இருக்கிற வடிகட்டுத் தொட்டிதான் சம்ப். அதன் கதவைத் திறந்து, விளக்கை நகர்த்தி வைத்துவிட்டு, கீட்டோ என்று சுருக்கிச் சொல்கிற கீட்டோமார்ஃபா கடல்பாசியின் பச்சைப் பந்தை இரண்டு கையாலும் அள்ளுவேன். பாத்திரம் தேய்க்கிற நைலான் நார் மாதிரி முறுக்காக இருக்கும். முகர்ந்தால் அலை ஒதுங்கிய ஈரமணல் வாசனை. பாதியைப் பிய்த்து, உப்புத்தண்ணீர் வாளியில் நாலு உதறு உதறினால் அரிசிக் குருணை அளவில் ஆம்ஃபிபாடுகள் என்ற குட்டி இறால் மாதிரி உயிர்கள் துள்ளிக்கொண்டு விழும். அவற்றைத் திரும்ப சம்ப்பிலேயே ஊற்றிவிட்டு, பாசியைப் பிழிந்து தராசில் வைப்பேன். 350 கிராம், சில வாரம் 400.

2021 பிப்ரவரியில் தொடங்கியது இது. சம்ப்பில் இப்படிப் பாசி வளர்க்கும் அறைக்கு ரெஃப்யூஜியம் என்று பெயர். அதை வைக்கலாமா, அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத விஷயம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் டேங்க் பற்றி. சென்னையில் இரண்டாம் மாடி வீடு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சம்ப்போடு சேர்த்து ஓடுகிற தண்ணீர் ஏறத்தாழ 280 லிட்டர். உள்ளே சோவாந்தஸ், மஷ்ரூம், இரண்டு லெதர் கோரல், எல்லாம் கல் கூடு இல்லாத மென்மையான பவள வகைகள். கல் பவளங்கள் எதுவும் இல்லை. 2001-லிருந்து அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்து விற்கிறவர்களை ஊக்குவிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மீன் என்றால் தொட்டியில் பிறந்து வளர்ந்த இரண்டு க்ளவுன், ஒரு காடினல் கூட்டம், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். ஃபாக்ஸ்ஃபேஸ் வேறு யாருமில்லை, நாம் குழம்பு வைக்கிற ஓரா மீனின் பங்காளி. அது பாசி தின்னி. அதன் பங்கு பின்னால் வரும்.

2020 கடைசியில் டேங்க் மோசமான நிலையில் இருந்தது. பாறை முழுக்க முடிப்பாசி. சோவாந்தஸ் பாதி மூடியே கிடந்தன. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் சேர்ந்து பாசிக்கு உரமாகிற நைட்ரேட் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்), பாஸ்பேட் 0.52. காரணம் தெரிந்ததுதான்: ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே இருந்ததால் ஆளாளுக்கு மீனுக்குத் தீனி போட்டோம். வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் மூன்று நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். சால்ட் வாளி காலியாகிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் சம்ப்பின் நடு அறையை, ஓரடிக்கு ஓரடி, பாசிக்கு ஒதுக்கினேன். ஒரு நண்பர் டென்னிஸ் பந்து அளவு கீட்டோமார்ஃபா கொடுத்தார்.

முதல் இரண்டு மாதம் தோல்வி. வீட்டில் கிடந்த 9 வாட்ஸ் எல்இடி பல்பை மாட்டி வைத்திருந்தேன். பாசி வளரவில்லை, வெளுத்தது, நூல் நூலாக உதிர்ந்தது, உதிர்ந்த நூல், தண்ணீரை மேலே ஏற்றுகிற ரிட்டர்ன் பம்ப்பில் போய்ச் சுற்றிக்கொண்டது. மூன்று முறை பம்ப்பைக் கழற்றினேன். பாசி என்றால் தானாக வரும், வெளிச்சம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மேலே டேங்க்கில் இருக்கிற பவளங்களுக்கு நிகரான வெளிச்சம் கீட்டோவுக்கும் வேண்டும். மாடித்தோட்டக்காரர்கள் வாங்குகிற 50 வாட்ஸ் க்ரோ லைட் ஒன்றை வாங்கி, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன். பாசி ஒரே பக்கம் வெயில் காய்ந்துகொண்டு கிடக்காமல் மெதுவாக உருளும்படி ஒரு சின்ன பம்ப்பும் வைத்தேன். ஏழு வாரத்தில் அறை நிறைந்துவிட்டது. இந்த வேலையில் செலவு செய்ய வேண்டிய இடம் எது என்று கேட்டால் விளக்கு என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விளக்கை இரவில்தான் எரிக்கிறேன், மேலே டேங்க் விளக்கு அணைந்த பிறகு பத்து மணி நேரம். பகலில் பவளமும் இரவில் பாசியும் மாறி மாறிக் கரியமில வாயுவை இழுப்பதால் பிஎச் (கரியமில வாயு கூடினால் இறங்கும் அளவு) விடியற்காலையில் அதலபாதாளத்துக்கு இறங்குவதில்லை. ஏசி போட்டு ஜன்னல் மூடிய அறையில் என் விடியற்காலை அளவு 7.75 ஆக இருந்தது, பிறகு 7.95. கரண்ட் கணக்கு நாளுக்கு அரை யூனிட், மாதம் 15 யூனிட். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் இழுப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இனி எண்கள். நாலு மாதத்தில் நைட்ரேட் 40-லிருந்து 5. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் பாஸ்பேட் 0.52-லிருந்து 0.31-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் பாசியின் உடம்புக் கணக்கு புரிந்தது. 1983-இல் அட்கின்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் கடல்பாசி, கடற்புல் வகைகளை ஆராய்ந்து, அவற்றின் உடம்பில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை நடுத்தரமாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாக எழுதினார்கள். அதை நாம் டெஸ்ட் கிட்டில் பார்க்கிற நைட்ரேட், பாஸ்பேட் எடையாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. நைட்ரேட் 20 பிபிஎம் இறங்கினால் பாஸ்பேட் ஒரு பிபிஎம் இறங்க வேண்டும். அப்படியானால் என் பாஸ்பேட் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே? பாறைதான் காரணம். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைக் கூடுதலாக இருக்கும்போது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறையும்போது மெல்ல மெல்லக் கக்கும். ஒரு வருஷம் பிடித்து வைத்ததை நாலு மாதத்தில் கொடுத்துத் தீர்க்காது. பாசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது, எண்தான் அதைக் காட்டவில்லை.

இதைப் பொறுமையாகப் புரிந்துகொண்டிருந்தால் அடுத்து வந்த கஷ்டம் வந்திருக்காது. நான் அவசரப்பட்டேன். பாஸ்பேட்டை இறக்க ஜிஎஃப்ஓ, அதாவது பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிற இரும்பு ஆக்சைடு மணிகள், நிரப்பிய ரியாக்டர் போட்டேன். பாசி விளக்கையும் பதினாறு மணி நேரமாக்கினேன். 2021 நவம்பரில் நைட்ரேட் பூஜ்யம், ஹானா மீட்டரில் பாஸ்பேட் பூஜ்யம். இரண்டு பூஜ்யத்தையும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பத்தாவது நாள் மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று. பகலில் அதில் காற்றுக்குமிழி கோத்துக்கொண்டு நிற்கும். இரவில் காணாமல் போகும். காலை பதினொரு மணிக்கு மறுபடி இருக்கும். நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன. பையனின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். எள் வடிவத்தில் உயிரணுக்கள், ஒரு முனையை எங்கோ கட்டிப்போட்ட மாதிரி அதே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ், டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வகை. போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாத பட்டினித் தண்ணீரில் இது ஆட்சியைப் பிடித்துவிடும்.

மீள ஏழு வாரம் ஆனது. ஜிஎஃப்ஓவைக் கழற்றினேன். கீட்டோவில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, அதன் விளக்கை நாலு மணி நேரமாகக் குறைத்தேன். தீனியைக் கூட்டி, சோடியம் நைட்ரேட் கரைசலை அளந்து ஊற்றினேன். எந்த நைட்ரேட்டை விரட்ட ஒரு வருஷம் பாடுபட்டேனோ அதையே காசு கொடுத்து வாங்கி ஊற்ற வேண்டி வந்தது. தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களைப் புறஊதா ஒளியால் கொல்கிற யூவி ஸ்டெரிலைசரை இரவில் ஓட்டினேன். பதினோரு நத்தைகளும் ஒரு லெதர் கோரலும் போயின. அந்த லெதர் நாலு வருஷமாக என்னோடு இருந்தது. இன்றும் அந்தப் பாறையைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

அதிலிருந்து என் இலக்கு மாறிவிட்டது. நைட்ரேட் 5-லிருந்து 10, பாஸ்பேட் 0.05-லிருந்து 0.1. இதற்குக் கீழே போகிற மாதிரி இருந்தால் பாசி விளக்கை ஒரு மணி நேரம் குறைப்பேன், மேலே போனால் ஒரு மணி நேரம் கூட்டுவேன். பாசி வைத்ததில் எனக்குப் பிடித்ததே இதுதான்: டைமரைத் திருப்பினால் போதும், தண்ணீர் மெதுவாக, யாரையும் பதறவைக்காமல் நகரும். ஜிஎஃப்ஓ ஒரே நாளில் இறக்கிவிடும், மென்பவளங்கள் சுருங்கிப்போகும்.

அறுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசி நைட்ரேட்டை 'அழிக்கும்' என்று நினைக்கிறவர்கள் நிறைய. அழிக்காது, தன் உடம்பில் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த உடம்பை நீங்கள் வெளியே எடுக்கும்வரை அது உங்கள் தொட்டியில்தான் இருக்கிறது. எடுக்காமல் விட்டால் நடுப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். சம்ப் நிறையப் பச்சையாக இருப்பதைப் பார்க்க அழகுதான், ஆனால் அறுக்காத பாசி உங்களுக்காக எதையும் வெளியேற்றவில்லை.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் என் அத்தை. 2022-இல் ஒரு நண்பரிடமிருந்து கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசி வாங்கி ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன், ஃபாக்ஸ்ஃபேஸுக்குத் தீனியாக. பாம்பன் பக்கம் வாக்கப்பட்ட அத்தை வந்திருந்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, கஞ்சிப்பாசியை எதுக்குக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்க?" என்றார். அது அதே இனம் இல்லை, பங்காளி. ஆனால் அவர் கண் சொன்னது சரி. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கிப் பாசி எடுத்தவர் அவர். நான் ஒரு கொத்தை அடியோடு பிடுங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "அடிய விட்டுட்டு நுனியக் கிள்ளு. அப்பத்தான் அடுத்த தவணைக்கு இருக்கும்." அந்தப் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதை அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நான் பாதிக்கு மேல் எடுத்ததில்லை. முன்பெல்லாம் முக்கால்வாசியை அள்ளிவிட்டு, அடுத்த வாரம் நைட்ரேட் ஏன் ஏறியது என்று குழம்புவேன்.

காலர்ப்பா என்ற பாசி வகை வேண்டவே வேண்டாம். திராட்சைக் கொத்து மாதிரி அழகாக இருக்கும், கீட்டோவைவிட வேகமாக வளரும். ஆனால் ஒருநாள் அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டால் உடம்பில் உள்ள அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிட்டு வெறும் வெள்ளைக்கூடாக நிற்கும். தண்ணீர் பால் மாதிரி ஆகி ஆக்சிஜன் சரியும். ஒரு நண்பர் வீட்டில் காலை ஆறு மணிக்கு இதை நேரில் பார்த்தேன். இன்னொரு காரணமும் உண்டு. 1984-இல் மொனாக்கோ கடலோரத்தில் காணப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக்கடலில் பரவிய வேகம் ஊரறிந்தது. 2000-இல் கலிஃபோர்னியாவில் அதே பாசி தென்பட்டபோது ஒழிக்க ஆறு வருஷம் ஆனது. நம் பக்கத்திலேயே, வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசி மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அறுத்த பாசியைக் கடலிலோ முகத்துவாரத்திலோ போடாதீர்கள், தயவுசெய்து. நான் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, மாடியில் காயவைத்து, தென்னைக்குப் போடுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் 43 மணி நேரம் கரண்ட் இல்லை. மேலே டேங்க்கில் பேட்டரி ஏர் பம்ப் ஓடியது. சம்ப்பை யாரும் நினைக்கவில்லை. வெளிச்சமும் ஓட்டமும் இல்லாத அந்த அறையில் பாசியும் மூச்சுதான் விடும், ஆக்சிஜனைத் தின்னும். கரண்ட் வந்ததும் ரிட்டர்ன் பம்ப் ஸ்விட்சில் கை வைத்தவன், அழுகிய முட்டை நாற்றம் அடித்ததால் நிறுத்தினேன். பந்தைத் தூக்கினால் அடிப்பாதி வெள்ளை, கையில் கொழகொழவென்று வந்தது. அந்தத் தண்ணீர் மேலே போயிருந்தால் மீன் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பாசியை எடுத்து, அந்த அறைத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் பம்ப்பைப் போட்டேன். பச்சை மாறாமல் மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதிலிருந்துதான் இப்போதிருக்கிற பாசி எல்லாம். இன்று நாலு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் முதல் வேலை, பாசியை வாளியில் எடுத்து ஏர் ஸ்டோன் போடுவது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பாசி பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். வாரம் ஒருமுறை அளவாகக் கொடுத்தால் பத்து நாளில் நிறம் திரும்பும். கீட்டோமேலே முடிப்பாசி ஏற ஆரம்பித்தால் அந்தப் பகுதியை இரக்கமில்லாமல் பிய்த்துப் போடுங்கள். அறையின் அடியில் மண்டி சேரும். மாதம் ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நைட்ரேட் ஆலை. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கிற ஸ்கிம்மரை நான் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். வெளிச்சத்தின் சூடு மே மாதத்தில் சம்ப்பில் இறங்கும், விளக்குக்கு ஒரு சின்ன ஃபேன் போடுங்கள்.

கடைசி அளவு, போன வாரம் எடுத்தது: நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.07. தண்ணீர் மாற்றுவது இப்போது மாதம் ஒருமுறை 10 சதவீதம். சோவாந்தஸ் முன் கண்ணாடிவரை படர்ந்துவிட்டன. பிறந்த லெதர் குட்டி ஒன்று அந்தப் பழைய பாறையிலேயே ஒட்டியிருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவு. அறுத்த கீட்டோவில் ஒரு கைப்பிடி எப்போதும் தனி வாளியில் ஏர் ஸ்டோனோடு வைத்திருக்கிறேன். தொடங்க நினைக்கிற பக்கத்துக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். வரும்போது விளக்கை வாங்கிவிட்டு வாருங்கள்.