2016-லிருந்து எங்கள் தியேட்டரில் உழைக்கும் இரண்டு நீடில் ஹோல்டர்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் தியேட்டர் சிஸ்டராக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் சிசேரியன், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ். 2016-ல் ஜெர்மனியின் டுட்லிங்கன் ஊரில் செய்த இரண்டு நீடில் ஹோல்டர், அதாவது தையல் போடும்போது ஊசியைப் பிடிக்கும் கருவி, வாங்கினோம். கையைக் கடித்த விலை. அதனால் வேறொரு டீலரிடம் நாலு எடுத்தோம். அவையும் இம்போர்ட்டட் என்றுதான் சொன்னார். கைப்பிடி வளையம் அதே தங்க நிறம்.

தங்க வளையம் என்றால் ஊசியைக் கவ்வும் வாயில் மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு தகடு பதித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நாலிலும் முலாம் மட்டுமே இருந்தது. வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தகடு ஒட்டிய கோடு ஓரத்தில் தெரிய வேண்டும். அன்று அதைப் பார்க்க எனக்குத் தெரியாது. எட்டே மாதத்தில் ஒரு சிசேரியனில் கர்ப்பப்பையைத் தைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, "சிஸ்டர், ஊசி சுத்துதும்மா, வேற குடுங்க" என்றார். ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது அப்படிக் கேட்க நேர்ந்தால் கை பதறும்.

ஜெர்மன் சாமானிலும் இரண்டாம் வருஷமே மூட்டில் பழுப்புப் புள்ளி வந்தது. சப்ளையரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். வந்தவர் பென்சில் ரப்பரால் தேய்த்துக் காட்டினார். வெறும் கறையாக இருந்தால் அழிந்து அடியில் வழவழப்பாக இருக்கும். துரு என்றால் ஊசி முனை அளவு குழி மிச்சம் நிற்கும். எங்களுடையதில் குழி இருந்தது. "எந்தத் தண்ணியில கழுவுறீங்க சிஸ்டர்?" என்றார். போர் தண்ணிதான். கடல் பக்கத்தில் இருக்கிறது, வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். போதாததற்கு ஹைப்போவில், அதாவது கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், வேறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தோம். உப்பிலும் ஹைப்போவிலும் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் படலத்தை அரித்துவிடும். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூடு அதை இன்னும் வேகப்படுத்தும்.

அன்றோடு ஹைப்போவை நிறுத்தினோம். கேஸ் முடிந்ததும் ரத்தம் காயும் முன் மூட்டைத் திறந்து பிரஷ் போட்டு, கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணி, ஈரம் போகத் துடைத்து, மூட்டில் இன்ஸ்ட்ருமென்ட் ஆயில், பிறகே ஆட்டோகிளேவ். 2019 கோடையில் லாரித் தண்ணியும் சரியாக வராதபோது, கழுவ மட்டும் கேன் தண்ணி வாங்கினோம். டாக்டரம்மா அந்தச் செலவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2021-ல் ஒன்றின் தகடு தேய்ந்தது. சப்ளையரே எடுத்துப்போய்ப் புதுத் தகடு போட்டுத் தந்தார். ஐந்து வாரம் ஆனது, அதுவரைக்கும் மாற்று ஒன்று கொடுத்திருந்தார். எனக்கு பிராண்டை விட இதுதான் பெரிசு. வாங்கும்போதே மூன்று கேளுங்கள்: தகடு மாற்ற முடியுமா, ரிப்பேர் ஆகும்வரை மாற்று தருவாரா, பில்லில் தயாரித்தவர் பெயர் இருக்குமா. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

தட்டு முழுக்க இம்போர்ட்டட் வேண்டியதில்லை. ரிட்ராக்டர், டவல் கிளிப், கிட்னி டிரே எல்லாம் நம் நாட்டுச் சரக்குதான், இத்தனை வருஷமும் குறையில்லை. நறுக்குவதற்கும் ஊசி பிடிப்பதற்கும் மட்டும் காசைப் போடுங்கள்.

மாதம் ஒரு தடவை ஊசியை ஹோல்டரின் வாயில் வைத்து, கைப்பிடியிலுள்ள பல் பூட்டை (ராட்செட்) இரண்டாம் பல்லில் பூட்டி, ஊசியைக் கையால் திருப்பிப் பார்ப்பேன். சுலபமாகத் திரும்பினால் அது ரிப்பேருக்கு. போன வாரம் இரண்டாவது ஹோல்டரில் ஊசி திரும்பியது. துணியில் சுற்றி, பெயர் எழுதி, சப்ளையருக்கு போன் போட்டிருக்கிறேன்.