புல் ஒவ்வாமை உள்ளவள் பச்சைச் சாறு குடித்த மூன்று ஆண்டுகள்

கோவையில் நான் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்கா வாசலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். அருகம்புல், வல்லாரை, வாழைத்தண்டு என வரிசையாகத் தூக்குவாளிகள். எனக்கு அப்போது ஹீமோகுளோபின் 10.8. அருகம்புல் சாறு ரத்தத்தை ஊற வைக்கும் என்று நாலு பேர் சொன்னதால், நடந்து முடித்த கையோடு தினமும் ஒரு டம்ளர் குடிக்கத் தொடங்கினேன். பத்து நாளிலேயே மேலண்ணம் அரித்தது. நாக்கால் அண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே வீடு திரும்புவேன். புல்லின் காரமாக இருக்கும் என்று எட்டு மாதம் அதைப் பொருட்படுத்தவில்லை.

புல் எனக்கு ஆகாது என்பது சிறு வயதிலேயே தெரியும். விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல் மாலை கட்ட உட்கார்ந்தால் அடுக்குத் தும்மல் வரும், கண் சிவக்கும். ஆனால் மூக்குக்கு ஆகாத ஒன்றை வாய்வழியாகவும் உடம்பு ஏற்காமல் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிற ஊர் இது. அருகைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

ஒன்பதாவது மாதத்தில் ஒரு காலை, வழக்கத்தைவிட வேகமாக நடந்துவிட்டுக் குடித்தேன். கால் மணி நேரத்தில் உதடு தடித்தது, கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு எழும்பியது, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அன்று மாலைவரை அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள்.

அதன்பிறகுதான் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தேன். நான் போட்டுவந்த செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, முன்கையில் சொட்டுச் சொட்டாகக் கரைசல்களை வைத்துக் குத்திப் பார்த்தார். 3 மில்லிமீட்டர் வீங்கினாலே கணக்கில் சேரும். எனக்கு அருகம்புல் மகரந்தம் வைத்த இடம் 7 மில்லிமீட்டர் வீங்கியிருந்தது.

"புல்லைப் பார்த்து வாங்கினீர்களா, கதிர் இருந்ததா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் வீட்டருகே உள்ள வரப்பில் குனிந்து பார்த்தேன். ஒரு மெல்லிய தண்டின் உச்சியில், ஒரே புள்ளியிலிருந்து நான்கைந்து கதிர்கள் விரல் விரித்தாற்போல நின்றன. உள்ளங்கையில் தட்டினால் மங்கலான மஞ்சள் தூள் ஒட்டியது. பார்க்கும் கண்ணுக்குத்தான் அது பூ. பறிக்கும் கைக்கு அதுவும் புல்தான்.

விஷயமே இங்குதான் இருக்கிறது. புல் ஒவ்வாமையில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் முக்கியமான புரதங்கள் மகரந்தத்தில் இருப்பவை. இளம் இலையில் பூவே கிடையாது. ஆகவே இலைச்சாறு பலருக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் வரப்போரத்திலும் மைதானத்திலும் அறுத்து வரும் புல்லில் கதிரும் சேர்ந்தே அரைபடுகிறது. துணியில் வடிகட்டினால் போகாதா என்று நானும் கேட்டேன். போகாது. மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான். வடிதுணியின் கண்கள் அதைவிடப் பெரியவை. தண்ணீர் பட்டவுடன் அந்தப் புரதம் கரைந்தும் வெளியே வந்துவிடும். வேகமாக நடந்துவிட்டுக் குடித்ததும் நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். உடற்பயிற்சியை ஒட்டி உண்ணும்போது, மற்ற நேரத்தில் தாங்கிக்கொள்ளும் பொருளையே உடம்பு எதிர்ப்பதுண்டு. வலி மாத்திரை போட்டிருந்தாலும் அப்படித்தான்.

இரண்டாம் ஆண்டு, டப்பாவில் வரும் பச்சைத் தூளை வாங்கினேன். விலை அதிகம் என்பதால் பாதுகாப்பும் அதிகம் என்று நம்பியது என் தவறு. கோதுமைப்புல், பார்லிப்புல், குதிரைமசால், ஸ்பைருலினா, குளோரெல்லா, முருங்கை இலை என்று முன்பக்கம் பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் கடைசியாக 'தேனீ மகரந்தம்'. எந்தெந்தப் பூவின் தூளை அந்தத் தேனீக்கள் சுமந்து வந்தன என்று யாரால் சொல்ல முடியும்? மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் தேனீ மகரந்தம் தின்று உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டேன். ஒவ்வாமை எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. நம் நாட்டின் லேபிள் விதியில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை முதலான தானியங்கள் போன்றவை உண்டு. மகரந்தம் அந்தப் பட்டியலில் இல்லை. பொருள்களின் பெயர்களை முழுவதும் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கிடையில் மாமியாரும் என்னோடு சேர்ந்து குடிக்க ஆசைப்பட்டார். அவருக்கு இதய வால்வு மாற்றியிருப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுக்கிறார். "அத்தை, உங்களுக்கு மட்டும் வேண்டாம்" என்று மறுத்துவிட்டேன். பச்சை இலைகளில் வைட்டமின் கே மிகுதி. திடீரென்று தினமும் குடித்தால் அந்த மருந்தின் வேலை குறைந்துவிடும்.

மூன்றாம் ஆண்டு, வீட்டிலேயே கோதுமைப்புல் வளர்த்தேன். அதற்கு முன் ஒரு கொத்து இலையை மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். இலையைக் குத்திய ஊசியாலேயே கையைக் குத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை. முதல் வாய் சாற்றையும் அவர் எதிரிலேயே குடித்தேன். மூச்சுத் திணறல் ஒரு முறையாவது வந்தவர்கள் இந்தப் பரிசோதனையை வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது.

விதைக்கடைக் கோதுமையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். மளிகைக்கடையில் விற்கும் சம்பா கோதுமைதான் வாங்க வேண்டும். இரவு ஊற வைத்து, முளை கட்டி, தட்டில் பரப்பினால் எட்டாம் நாள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். மூன்றாம் நாள் வேரடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று தெரியும். தண்ணீர் தெளித்தால் படிந்து மறைவது வேர்த்தூவி. மறையாமல் பிசுபிசுத்து, புழுங்கிய வாடை அடித்தால் பூசணம். மழைக்காலத்தில் மூன்று தட்டுகளை அப்படியே குப்பையில் கொட்டினேன். அறுக்கும்போது விதைக்கு இரண்டு விரல் மேலே அறுக்கிறேன், ஏனென்றால் குளூட்டன் விதையில்தான் இருக்கிறது. குளூட்டன் ஆகாதவர்களுக்கு அந்தக் கவனம்கூடப் போதுமென்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் அறுப்பு எடுப்பதில்லை.

வாரத்தில் மூன்று நாள் 30 மில்லி, காலை உணவுக்குப் பிறகு குடிக்கிறேன். ஓராண்டாக அரிப்பு இல்லை, தும்மல் இல்லை. மலச்சிக்கல் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றுகிறது. நான் தண்ணீர் அதிகமாகக் குடிப்பதாலும் இருக்கலாம். ரத்தம் மட்டும் ஊறவில்லை. பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம், ஹீமோகுளோபினின் நடுவில் இரும்பு. உருவம் ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நான்கு மாதம் விடாமல் போட்ட பிறகுதான் ஹீமோகுளோபின் 12.4 ஆனது.

தள்ளுவண்டிக்காரர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். என்னைப் பார்த்தால் வாழைத்தண்டுச் சாற்றை ஊற்றித் தருகிறார். அதற்கென்று தனி டம்ளரும் தனிக் கரண்டியும் வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்திருக்கிறார்.