வீட்டுச் சர்வராக ஒரு பழைய திங்க்பேட் எக்ஸ்220: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

லெனோவோ நிறுவனம் 2011-இல் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் 9,000 ரூபாய்க்கு வாங்கி, என் சொந்த இணையத்தளத்தையும் வீட்டுக் கோப்புகளையும் அதில் ஏற்றி, கேட்பவர்களுக்கு அவற்றை இணையம் வழியே வழங்கும் சர்வராக்கி ஓராண்டு ஆகிறது. இவ்வளவு பழைய கணினியை இரவும் பகலும் ஓடும் சர்வராக நம்பலாமா என்று கேட்டால், எழுத்தும் படமும் மட்டுமே உள்ள தளத்துக்குத் தாராளமாக நம்பலாம் என்பேன். இந்த ஓராண்டில் எனக்குத் தலைவலி கொடுத்தவை கணினிக்கு வெளியே இருந்த மின்சாரமும் இணைய இணைப்பும்தான்.

என்னுடையது இரண்டு கோர்கள் கொண்ட ஐ5-2520எம் செயலி உள்ள மாடல். 8 ஜிபி ரேம்தான் உச்சம் என்று லெனோவோ குறிப்பிட்டிருந்தாலும், 16 ஜிபி போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் வன்தட்டு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தி, டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தையும், தளத்தின் பக்கங்களைப் பார்வையாளர்களுக்கு அனுப்பும் கேடி என்னும் வெப் சர்வர் மென்பொருளையும் நிறுவினேன். பெயர்தான் கேடி, தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத் தானே வாங்கி, காலாவதியாகும் முன்பே தானே புதுப்பித்துவிடும் யோக்கியமான மென்பொருள் அது. மூடியை மூடினால் கணினி உறங்கிவிடாதபடி அமைப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். எக்ஸ் வரிசையில் பழைய ஏழு வரிசை விசைப்பலகை கடைசியாக வந்தது இந்த மாடலில்தான். அது மூடிக்குள் முடங்கிக் கிடப்பதில் எனக்குச் சற்று வருத்தம்.

மடிக்கணினியைச் சர்வராக்குவதன் பெரிய ஆதாயம் பேட்டரி. தனியாக யூபிஎஸ் வாங்காமலே மின்வெட்டைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் மின்வெட்டில் சர்வர் அசையாமல் ஓடியது; ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிட்டதால் தளத்தைத்தான் யாராலும் பார்க்க முடியவில்லை. அவை இரண்டுக்கும் 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வாங்கிய பிறகுதான் கணக்கு நேரானது. எந்நேரமும் முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி விரைவில் வீணாகிவிடும் என்பதால், டிஎல்பி என்னும் மின்சேமிப்பு மென்பொருளைக் கொண்டு 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். திரை அணைந்த நிலையில் மீட்டர் ஏறத்தாழ 12 வாட் காட்டுகிறது. அதாவது இரண்டு மாத பில்லில் சுமார் 17 யூனிட். இலவச மின்சார வரம்பின் விளிம்பில் இருக்கும் வீடுகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மின்சாரத்தை விட இணைப்புதான் அதிகம் படுத்தியது. இணையத்தளத்துக்கு வரும் கோரிக்கைகள் நுழையும் வாசல்களான 80, 443 போர்ட்டுகளை ரூட்டரில் திறந்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தும் தளம் வெளியே தெரியவில்லை. ரூட்டரின் வெளி முகவரி 100.64 என்று தொடங்கியதைப் பார்த்த பிறகே, பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவான ஒரே ஐபிவி4 முகவரிக்கு (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு) பின்னால் நான் இருக்கிறேன் என்பது புரிந்தது. அத்தகைய இணைப்பில் போர்ட்டைத் திறப்பதால் எந்தப் பயனும் இல்லை. கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறலாம். அல்லது வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு வழியாகவே பார்வையாளர்களை உள்ளே கொண்டுவரும் கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற ஏற்பாட்டை நாடலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். சொந்த வீட்டில் தளம் வைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டு வாசலை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்த முரண் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கணினியின் குறைகளில் முதன்மையானது, ஐ5 மாடல்களில் யூஎஸ்பி 2.0 மட்டுமே இருப்பது. வெளி வன்தட்டில் 500 ஜிபி காப்புப் பிரதி எடுக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஹெச்இவிசி என்னும் புதிய சுருக்க முறையில் உள்ள வீடியோவை வன்பொருள் அளவில் கையாளும் வசதி இந்தச் செயலியில் இல்லை. எனவே திரைப்படங்களை வடிவம் மாற்றி டிவிக்கு அனுப்ப நினைப்பவர்கள் வேறு கணினி பார்ப்பது நல்லது.

வாங்கும்போது கடையிலேயே இயக்கிப் பாருங்கள். விசிறி பழுதானால் இந்தக் கணினி பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஆளில்லா வீட்டில் ஓட வேண்டிய சர்வருக்கு அது ஆகாது. நல்ல பேட்டரி என்று எனக்குத் தரப்பட்டது இருபது நிமிடம்தான் தாங்கியது. அதைக் காட்டி விலையைக் குறைத்திருக்க முடியும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.