21 அங்குல உக்குலேலே: கருவி சரி, கூட வரும் தாள் அரைகுறை

உக்குலேலே, கிடார் போன்ற நான்கு தந்திச் சிறு கருவி. புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் இசைக்கருவிக் கடைகளில் புதிதாகப் பழகுபவர்களுக்கென்று விற்கும் சோப்ரானோ என்ற சிறிய அளவு வகை இது. ஒட்டுப்பலகை உடல், நைலான் தந்தி, சுருதி சேர்க்கத் திருகும் பல்சக்கரப் பிருடை. ஹவாயில் வளரும் 'கோவா' (koa) என்ற மரத்தின் நாதம் இதில் வராது. ஆனால் புதுச்சேரிக் கடற்காற்றுக்கு ஒட்டுப்பலகைதான் தோது. முழுப்பலகை ஈரம் குடித்து உப்பும். உள்ளே வைக்கும் ஈரப்பதக் குழாயைக் கூடவே விற்கப் பார்ப்பார்கள். அது வறண்ட ஊருக்கானது, இங்கே தண்டச் செலவு.

வாங்குமுன் ஒவ்வொரு தந்தியையும் விரல் வைக்காமல் ஒருமுறை, 12-ஆம் மெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவதில்) அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்காவிட்டால் வேறு கருவி கேளுங்கள். முதல் மெட்டில் மட்டும் சுருதி ஏறினால் 'நட்'டில், அதாவது கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையில், காடியின் ஆழம் போதவில்லை. கிடார் பழுதுபார்ப்பவர் சற்று அரம் போட்டால் தீரும்.

சுருதி ஜி, சி, இ, ஏ. கிடார் பழகியவர்கள் ஜி தந்தியைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கித் தொளதொளவென்று ஆக்கிவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவார்கள். அது சி-யைவிட உயரத்தில்தான் இருக்கவேண்டும். புது நைலான் சில நாள் இழுபடும், தினமும் சுருதி சேர்க்கத்தான் வேண்டும். எஃகுத் தந்தி மட்டும் கூடாது, உடல்மேல் தந்திகளைக் கட்டியிருக்கும் குதிரை பெயர்ந்துவிடும்.

பெட்டியிலுள்ள தாள் பெயர்க்காரணத்தை 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மதேராத் தீவிலிருந்து 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் கப்பலில் ஹோனலூலு வந்திறங்கிய போர்த்துகீசியரின் சிறு கருவிதான் இதன் மூலம். நூனிஷ், டயஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ என அதில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள் அங்கேயே செய்து விற்றார்கள். 'உக்கு' தெள்ளு, 'லேலே' துள்ளல். தந்திமேல் விரல் துள்ளுவதால் வந்த பெயர் என்பார்கள். இதை வாசித்துப் பரப்பிய, குள்ளமான, துறுதுறுவென்றிருந்த எட்வர்ட் பர்விஸின் பட்டப்பெயர் என்றும் சொல்வார்கள். ஹவாய் அரசி லிலியுஒகலானி தந்த பொருளோ 'இங்கு வந்த பரிசு'.

தெள்ளு, பரிசு என்ற இரண்டு பொருளுக்கும் நடுவே நிற்பது 'ஒகினா' என்ற குறி, தொண்டையை நொடிநேரம் அடைத்துத் திறக்கும் மெய்யொலி. சொல்லின் முதலில் அது இருந்தால் தெள்ளு, இல்லாவிட்டால் கூலி, வெகுமதி. ஹவாயியில் கருவியின் பெயரை ஒகினாவோடுதான் எழுதுகிறார்கள், ஆகவே தெள்ளுக்கே பலம் அதிகம். தாளில் அந்தக் குறியே இல்லை.

பெட்டிமேல் 'யுகலேலி' என்று வேறு அச்சிட்டிருக்கிறார்கள். உகரத்தில் தொடங்க வேண்டும், ககரம் இரட்டிக்க வேண்டும். ஒற்றையாக எழுதினால் 'மகுடி'யின் கு-தான் வாயில் வரும்.